கைப்பட்டியிலிருந்து இதயத்துடிப்புத் தரவை முழுமையாக எடுப்பது எப்படி? திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு இரவில் படபடப்பு வரத் தொடங்கியபோது அவருடைய கையில் ஏற்கனவே ஒரு கைப்பட்டி இருந்தது. கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது. அடி எண்ணும், நித்திரை பார்க்கும், நாள் முழுவதும் இதயத்துடிப்பு அளக்கும். ஆகவே வைத்தியரிடம் போனபோது மிகுந்த நம்பிக்கையோடு தொலைபேசியைத் திறந்து, செயலியில் இருந்த வரைபடத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "படபடப்பு வந்த நேரத்தில் துடிப்பு எத்தனை? சட்டென்று ஏறியதா, மெல்ல ஏறியதா? எத்தனை நிமிடம் நின்றது?" என்று கேட்டார். இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்க முயன்றார். 24 மணித்தியாலமும் ஒரு விரல் நீளத்துக்குள் நெரிந்து கிடந்தது. அவர் கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை.

விடை பட்டிக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து, நேரத்தைத் திருத்தி, அவர் ஒரு பார்வையில் படிக்கக்கூடிய தாளாக்க எனக்கு ஐந்து கிழமை பிடித்தது. வழி தெரிந்திருந்தால் இரண்டு மாலைப்பொழுது போதும். எங்கள் உவர்மலைப் பக்கத்திலேயே வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பட்டியோடு காலையில் நடக்கும் அம்மா அப்பாமார் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கக் கை கால் சோர்தல் ஆகிய எதுவும் இருந்தால் தரவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். இந்தக் கட்டுரை, வந்து போய்விடும் படபடப்பை வைத்தியருக்கு விளங்கவைக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

1. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது?

இதை நான் கடைசியாகப் பார்த்தேன். நீங்கள் முதலில் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பட்டியை அனுப்பியவர் தன் மின்னஞ்சலிலேயே பதிந்து, "போட்டால் சரி, எல்லாம் செய்துவிட்டேன்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். அன்போடு செய்வதுதான். ஆனால் அதனால் மூன்று இடைஞ்சல்கள் வருகின்றன.

முதலாவது, தரவைக் கேட்டு எடுக்கும் உரிமை கணக்கின் சொந்தக்காரருக்கே உண்டு. கடவுச்சொல்லும், அவருடைய தொலைபேசிக்கு வரும் உறுதிப்படுத்தல் இலக்கமும் இல்லாமல் எதையும் இறக்க முடியாது. எங்களுக்கு இங்கே இரவு 8 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 10.30. அண்ணா வேலையில் இருப்பார். அவருக்கு வந்த இலக்கத்தை அவர் பார்த்து எனக்கு அனுப்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். நான்கு நாட்கள் இதிலேயே போயின.

இரண்டாவது, நேர வலயம். அம்மாவின் செயலி ரொறன்ரோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களைவிட 9 மணித்தியாலம் 30 நிமிடம் பின்னால். அதிகாலை 2 மணிக்கு வந்த படபடப்பு, வரைபடத்தில் முதல்நாள் மாலை 4.30 மணியில் நின்றது. மாலையில் நடக்கப் போனபோது ஏறிய துடிப்பு என்றே நானும் நினைத்துவிட்டேன்.

மூன்றாவது, வயது. துடிப்பை "இலேசானது", "கடுமையானது" என்று பிரித்து வண்ணத்தில் காட்டும் துடிப்பு வலயங்களைப் பெரும்பாலான செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்தே கணக்கிடுகின்றன. கணக்கில் இருந்தது அண்ணாவின் வயது 38. அதன்படி உச்சம் 182. அம்மாவுக்கு 66, அவருக்கு 154. அம்மா வாசல் கூட்டும்போது வரும் துடிப்பையும் செயலி "இலேசானது" என்றே குறித்துவந்தது. துடிப்பு எண்கள் இதனால் மாறுவதில்லை. வண்ணம் பூசிய வலயங்கள்தான் பிழையாகும். வலயங்களை நம்ப வேண்டாம்.

ஆகவே பட்டியை அணிபவரின் பெயரில், அவருடைய சரியான பிறந்த திகதி, உயரம், நிறையோடு புதிய கணக்கு திறவுங்கள். ஆனால் பழைய கணக்கிலிருந்து பட்டியைக் கழற்ற முன்னர், அதை ஒருமுறை முழுமையாக ஒத்திசைத்து (பட்டிக்குள் உள்ளதைச் செயலிக்கு மாற்றி), பழைய தரவை இறக்கிக்கொள்ளுங்கள். நான் அவசரப்பட்டுப் பட்டியை மீளமைத்தேன். ஒத்திசைக்காமல் உள்ளே கிடந்த ஒரு கிழமைத் தரவு அழிந்தது. அந்தக் கிழமையில்தான் அம்மாவுக்கு மூன்று தடவை வந்திருந்தது.

2. அளக்கும் இடைவெளியை இன்றே மாற்றுங்கள்

எடுக்கப்படாத அளவீட்டை எந்த வித்தையாலும் பின்னர் எடுக்க முடியாது. ஆகவே தரவை இறக்குவது பற்றி யோசிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

மலிவான பல பட்டிகள், பட்டரி நீண்டு நிற்பதற்காக 10 நிமிடத்துக்கு அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அளக்கும் நிலையில் கடையிலிருந்து வருகின்றன. ஆறு நிமிடம் நிற்கும் படபடப்பு அந்த இடைவெளிக்குள் விழுந்து மறைந்துவிடும். சியோமிப் பட்டிகளில் இதயத்துடிப்பு அமைப்புக்குள் போய் 1 நிமிடம் என்று வையுங்கள். சாம்சங் மணிக்கூட்டில் "தொடர்ந்து அளத்தல்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஃபிட்பிட் சாதாரண நேரத்தில் 5 செக்கனுக்கு ஒன்றும், உடற்பயிற்சிப் பதிவின்போது 1 செக்கனுக்கு ஒன்றும் சேமிக்கிறது. அப்பிள் மணிக்கூடு சும்மா இருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பார்க்கும். உடற்பயிற்சி தொடங்கினால் சில செக்கன்களுக்கு ஒருமுறை பார்க்கும். ஆகவே அப்பிள் வைத்திருப்பவர்கள் படபடப்பு தொடங்கியவுடன் "வேறு" என்ற வகையில் ஓர் உடற்பயிற்சியைத் தொடக்கிவிட்டால் அந்த நிமிடங்கள் நுணுக்கமாகப் பதியும். கார்மினில் பதிவு இடைவெளி என்ற இடத்தில் "ஒவ்வொரு செக்கனும்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அது உடற்பயிற்சிப் பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும்.

பட்டரி வேகமாக இறங்கும். சார்ஜ் செய்யும் நேரத்தைப் படபடப்பு வராத நேரமாகத் தெரிவுசெய்யுங்கள். அம்மாவுக்கு வருவது இரவில் என்பதால், காலையில் அவர் சமைக்கும் ஒரு மணித்தியாலத்தில் சார்ஜ் போட்டோம்.

3. பட்டி கட்டும் விதம்

பட்டியின் அடியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் போய், குருதியால் உறிஞ்சப்பட்டது போக மீதி திரும்பிவருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் குருதி கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. பட்டி பார்ப்பது இதயத்தை அல்ல, மணிக்கட்டுத் தோலுக்குள் ஓடும் குருதியை. ஆகவே பட்டி தளர்ந்தால் எண் பிழைக்கும்.

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, தோலோடு ஒட்டும்படி கட்ட வேண்டும். இறுக்கித் தடம் பதியத் தேவையில்லை. அம்மா காப்புகளுக்கு மேலே பட்டியைப் போட்டிருந்தார்; அது காப்போடு சேர்ந்து ஆடியது. காப்புகளை ஒரு கைக்கும் பட்டியை மறு கைக்கும் மாற்றினோம். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகிய பிறகு அப்படியே கட்டிவிடுவார். அடிக்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் நிற்கும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தியபின் கட்டப் பழக்கினோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையும் உப்பும் படிந்து பட்டி வழுக்கும்; மாலையில் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். கடலில் குளிக்கும் நேரத்து எண்களைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

நடைப்பயிற்சியில் இன்னொரு பொறி இருக்கிறது. கை வீசும் தாளத்தையே பட்டி சில வேளைகளில் துடிப்பாக எண்ணிவிடும். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும்போது அம்மாவுக்கு நிமிடத்துக்கு 118 என்று நேர்கோடாக நின்றது. அவருடைய காலடியை எண்ணினேன், நிமிடத்துக்கு 118. அந்த இடத்திலேயே நின்று கழுத்து நாடியில் விரல் வைத்து எண்ணியபோது 96. நடக்கும்போது அசையாமல் நிற்கும் எண்ணைக் கண்டால் விரலால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

4. ஒரு கொப்பி, ஒரே மணிக்கூடு

தரவு மட்டும் போதாது. எந்த நேரத்தில் என்ன உணர்ந்தார் என்பது பக்கத்தில் இல்லாவிட்டால் இலட்சம் எண்களும் வெறும் எண்கள்தான். ஒரு 40 பக்கக் கொப்பியைத் தலையணைக்கு அருகில் வையுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், அதற்கு முன் என்ன சாப்பிட்டார் அல்லது குடித்தார், எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தார். இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும்.

அம்மா ஏற்கனவே குசினிக் கலண்டரில் பென்சிலால் குறித்து வந்திருந்தார். அந்த நேரங்கள் தரவோடு பொருந்தவேயில்லை. ஒவ்வொன்றும் சில நிமிடம் தள்ளித் தள்ளி நின்றது. பட்டி பிழை என்று இரண்டு நாள் நினைத்தேன். காரணம் சுவர் மணிக்கூடு. பஸ் தவறக்கூடாது என்று அப்பா இருந்த காலத்திலேயே அதை 8 நிமிடம் முன்னால் வைத்திருந்தார். அம்மா அதை மாற்ற விடவில்லை. பட்டியின் முகத்தில் தெரியும் நேரத்தையே எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுத்த அன்றிலிருந்து எல்லாம் பொருந்தின.

5. தரவை வெளியே எடுத்தல்

கீழே சொல்லும் ஐந்து நிறுவனங்களும் உங்கள் தரவை உங்களுக்குத் தருவதற்குப் பணம் கேட்பதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். "உங்கள் முழுத் தரவையும் எடுத்துத் தருகிறோம்" என்ற ஒரு செயலிக்கு நான் மாதச்சந்தா கட்டினேன். நாளாந்தச் சராசரியை வேறு நிறத்தில் வரைந்து தந்தது, அவ்வளவுதான். சந்தாவை நிறுத்த மறந்து அடுத்த மாதமும் பணம் போனது. முதலில் இலவச வழியை முடித்துப் பாருங்கள்.

ஃபிட்பிட்: இது கூகுளுக்குச் சொந்தமானது. கூகுள் கணக்கோடு இணைந்திருந்தால் கூகுள் டேக்அவுட் (கூகுளில் உள்ள உங்கள் தரவை இறக்கும்) பக்கத்துக்குப் போங்கள். அங்கே எல்லாச் சேவைகளும் ஏற்கனவே தெரிவாகி இருக்கும். முதலில் எல்லாத் தெரிவையும் நீக்கி, பின் ஃபிட்பிட்டை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இதைத் தவறவிட்டால் உங்கள் படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாம் சேர்ந்து பல ஜிகாபைட் வரும். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அந்த இணைப்பு சுமார் ஒரு கிழமைதான் உயிரோடு இருக்கும். அதில் இறங்கும் ஸிப்புக்குள் (பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரே கோப்பு) ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இதயத்துடிப்புக் கோப்பு, பெயரில் திகதியோடு, ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் இருக்கும். ஒவ்வோர் அளவீட்டிலும் நேரம், துடிப்பு, நம்பகத்தன்மை என மூன்று பெறுமதிகள். நம்பகத்தன்மை 0 முதல் 3 வரை. 0 என்றிருப்பவற்றை நீக்கிவிடுங்கள்.

சாம்சங்: இது எளிய வழி. சாம்சங் ஹெல்த் செயலியின் அமைப்புகளில் "தனிப்பட்ட தரவைப் பதிவிறக்கு" என்பதை அழுத்தினால் தொலைபேசியின் பதிவிறக்கக் கோப்புறைக்குள் பல சிஎஸ்வி (CSV, அட்டவணை வடிவ) கோப்புகளாக வந்து விழும். பெயரில் இதயத்துடிப்பு என்று ஆங்கிலத்தில் உள்ளதைத் திறவுங்கள். முதல் நிரை கோப்பின் விபரம். நிரல்களின் தலைப்பு இரண்டாம் நிரையில்தான் தொடங்குகிறது. தொடர் அளவீட்டின் நுணுக்கம் அந்த சிஎஸ்விக்குள் இருக்காது. பக்கத்தில் உள்ள ஜேசன் கோப்புறைக்குள் தனியாக இருக்கும். சிஎஸ்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் மணித்தியாலத்துக்கு ஒரு வரி போலக் கிடைத்து ஏமாறுவீர்கள்.

அப்பிள்: ஹெல்த் செயலியில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கீழே போய், எல்லா ஆரோக்கியத் தரவையும் ஏற்றுமதி செய் என்பதை அழுத்துங்கள். எக்ஸ்எம்எல் வடிவில் ஒரே பெரிய கோப்பு வரும். சில வருடப் பாவனை என்றால் சாதாரண மடிக்கணினியில் திறக்கவே திணறும்.

கார்மின்: ஒரு நடையின் அல்லது ஓட்டத்தின் தரவு மட்டும் போதுமென்றால் கார்மின் கனெக்ட் வலைத்தளத்தில் அந்தப் பதிவைத் திறந்து, பற்சக்கரக் குறியை அழுத்தி, மூலக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். நாள் முழுவதற்குமான துடிப்பு வேண்டுமென்றால் கணக்கு நிர்வாகப் பக்கத்தில் முழுத் தரவையும் கோர வேண்டும். அது உடனே வராது, நாட்கள் எடுக்கும். கிளினிக்குக்கு முதல்நாள் கேட்டுப் பயனில்லை.

சியோமி: சியோமிக் கணக்கின் தனியுரிமைப் பகுதியில் தரவைக் கோரலாம். ஸிப்புக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்புவார்கள். அது தனியாக வரும், அழித்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்ட் தொலைபேசி உள்ளவர்களுக்கு இன்னொரு வழி கஜட்பிரிட்ஜ். திறந்த மூலச் செயலி, இலவசம், எஃப்-ட்ரொய்ட் (F-Droid) என்ற செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கும். தரவை இணையத்துக்கு அனுப்பாமல் தொலைபேசிக்குள்ளேயே நிமிடத்துக்கு ஒரு வரியாகச் சேமிக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை அப்படியே வெளியே எடுக்கலாம். புதிய பட்டிகளை அதனோடு இணைக்க ஓர் இரகசியத் திறவுகோல் தேவை. அதை எடுப்பதற்குக் கணினி பழகிய ஒருவரின் உதவியைக் கேளுங்கள். துடிப்பு 255 என்று வந்தால் பதற வேண்டாம். அந்த நிமிடத்தில் அளவீடு இல்லை என்று பொருள்.

எந்தப் பட்டியானாலும் தினமும் ஒருமுறை ஒத்திசையுங்கள். பட்டியின் நினைவகம் சிறியது. ஃபிட்பிட் வகைகள் பெரும்பாலும் நிமிட நுணுக்கத்தை 7 நாட்கள் வரைதான் உள்ளே வைத்திருக்கும்.

6. நேரத்தைத் திருத்துதல்

எனக்கு அதிக நாட்கள் பிடித்தது இங்கேதான். பிழை விட்டால் வைத்தியருக்குப் பொய்யான தாளைக் கொடுத்ததாகிவிடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபிட்பிட்டின் ஏற்றுமதிக் கோப்பிலும் வேறு பலவற்றிலும் எழுதப்பட்டிருப்பது இலங்கை நேரம் அல்ல, உலகப் பொதுநேரம் (UTC). நாங்கள் அதைவிட 5 மணித்தியாலம் 30 நிமிடம் முன்னால். ஆகவே 14ஆம் திகதி அதிகாலை 2.00 மணிக்கு வந்த படபடப்பு, 13ஆம் திகதிக் கோப்பில் 20.30 என்ற இடத்தில் இருக்கும். 14ஆம் திகதிக் கோப்பை எவ்வளவு கிளறினாலும் கிடைக்காது. அந்தக் கோப்பு எங்கள் நேரப்படி காலை 5.30 மணிக்குத்தான் தொடங்குகிறது. இரவு நேரப் படபடப்பைத் தேடுகிறவர்கள் எப்போதும் இரண்டு நாட்களின் கோப்பைச் சேர்த்தே திறவுங்கள்.

திகதி எழுதும் முறையும் மாறும். அமெரிக்க முறையில் மாதம் முன்னால், நாள் பின்னால். 07/08 என்பது அங்கே யூலை 8. நாங்கள் வாசிப்பதோ ஓகஸ்ட் 7. நாள் 12ஐத் தாண்டிய ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் எது மாதம் என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

எக்செலில் நேரம் உள்ள நிரல் ஏ என்றால், பக்கத்துப் புதிய நிரலில் ஏ2 + 5.5/24 என்று சமன்பாடு எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள். வந்த பெறுமதியை நேர வடிவத்துக்கு மாற்றினால் இலங்கை நேரம் கிடைத்துவிடும்.

சில கோப்புகளில் நேரத்துக்குப் பதிலாக 1735689600 போல 10 இலக்க எண் இருக்கும். அது 1970 ஜனவரி 1இலிருந்து கடந்த செக்கன்களின் எண்ணிக்கை. அதோடு 19,800ஐக் கூட்டுங்கள், 5 மணித்தியாலம் 30 நிமிடத்துக்கான செக்கன்கள் அவை. 86,400ஆல் வகுங்கள். 25,569ஐக் கூட்டுங்கள். இப்போது திகதி வடிவத்துக்கு மாற்றினால், மேலே சொன்ன எண் 2025 ஜனவரி 1, காலை 5.30 என்று வரும். உங்கள் சமன்பாடு சரியா என்று இந்த எண்ணை வைத்தே சோதித்துப் பாருங்கள். எண் 13 இலக்கமாக இருந்தால் முதலில் 1,000ஆல் வகுக்க வேண்டும்.

அப்பிள் கோப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் +0530 என்று இருக்கும். அது ஏற்கனவே இலங்கை நேரம், மறுபடி கூட்டாதீர்கள். சாம்சங் கோப்பில் நேர வித்தியாசம் தனி நிரலில் இருக்கும்; நேரம் உலகப் பொதுநேரம், கூட்டியாக வேண்டும்.

கடைசிச் சோதனை: தெரிந்த ஒரு சம்பவத்தைத் தேடுங்கள். ஒரு நாள் மாலை சரியாக 5.40க்கு அம்மாவை வாசற்படியில் பத்துத் தரம் ஏறி இறங்கச் சொன்னேன், அவருடைய வைத்தியர் நடக்க அனுமதித்திருந்ததால். தரவில் 5.41இலிருந்து ஏற்றம் தெரிந்தது. அதன் பிறகுதான் மற்ற எண்களை நம்பினேன்.

7. எண்களை ஒரு தாளாக்குதல்

ஜேசன் கோப்பை விண்டோஸ் கணினியில் உள்ள எக்செல் திறக்கும். டேட்டா பட்டியலில் கெட் டேட்டா, பிறகு கோப்பிலிருந்து, பிறகு ஜேசன். வரும் பட்டியலை அட்டவணையாக மாற்றி, நிரல் தலைப்பின் ஓரத்தில் உள்ள இருபக்க அம்புக்குறியை அழுத்தி விரியுங்கள். துடிப்பு நிரலை இன்னொரு தடவை விரிக்க வேண்டியிருக்கும். தொலைபேசி எக்செலில் இது வராது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முழுத் தரவையும் ஒரே தாளில் கொட்டாதீர்கள். எக்செல் தாள் ஒன்று 10,48,576 நிரைகளோடு நின்றுவிடும். செக்கனுக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 86,400 நிரை. 12 நாட்கள் கொள்ளும், 13ஆம் நாள் கொள்ளாது. உங்களுக்குத் தேவை கொப்பியில் குறித்த நேரங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் 30 நிமிடத்தை வெட்டி எடுங்கள்.

அம்மாவின் ஓர் இரவு இப்படி இருந்தது. 2.09க்கு 71. 2.10க்கு 73. 2.11க்கு 138. 2.12க்கு 142. அதன் பிறகு 2.19 வரை 140க்கு அருகில் ஏறாமல் இறங்காமல் நின்று, 2.20க்கு 84. செயலியின் வரைபடத்தில் இது ஒரு சிறு முள்ளாக மட்டும் தெரிந்தது. வைத்தியர் கேட்ட மூன்று கேள்விக்கும் விடை இந்தப் பன்னிரண்டு எண்களுக்குள் இருந்தது: சட்டென்று ஏறியது, 140 அளவில் நின்றது, ஒன்பது நிமிடம் நீடித்தது.

ஒரு சம்பவத்துக்கு ஒரு கோட்டு வரைபடம், அதன் கீழே நிமிட வரிசை எண்கள், பக்கத்தில் கொப்பியில் உள்ள குறிப்பு. ஒரு பக்கத்துக்கு இரண்டு சம்பவம். தலைப்பில் பெயர், வயது, பட்டியின் வகை, எத்தனை செக்கனுக்கு ஒருமுறை அளந்தது, "நேரம் இலங்கை நேரம்" என்ற குறிப்பு. பட்டி கழன்றிருந்த நேரத்தை வெற்றிடமாகவே விடுங்கள்; அழகுக்காகக் கோட்டை இணைக்காதீர்கள். பிழை என்று நினைத்து எந்த எண்ணையும் நீங்களாக அழிக்கவும் வேண்டாம். நம்பகத்தன்மை இல்லாதவை என்று கோப்பே சொல்பவற்றை மட்டும் நீக்கி, நீக்கியதை அடியில் எழுதுங்கள்.

8. பிரிண்ட் கடையில் கவனம்

ஸிப் கோப்பு பெரியதாக இருந்தால், உங்கள் இணைப்பில் இரவுநேர டேட்டா உண்டென்றால் அதில் இறக்குங்கள். பிரிண்ட் எடுப்பதற்கு பஸ் நிலையப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். ஒன்பது பக்கத்துக்கு 180 ரூபாய். இந்த முழு வேலையிலும் நியாயமாகச் செலவானது அது மட்டும்தான்.

அங்கே முழு ஸிப்பையும் பென்டிரைவில் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் இதயத்துடிப்பு மட்டும் இல்லை. எத்தனை மணிக்கு நித்திரை, எந்த வழியால் நடந்தார், நிறை, மின்னஞ்சல், பெண்கள் பதிந்திருந்தால் மாதவிடாய்த் திகதிகள் எல்லாம் இருக்கும். அச்சிட வேண்டிய தாளை மட்டும் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கடைக் கணினியில் உங்கள் கணக்கைத் திறக்க வேண்டாம். கடைக்காரர் கோப்பைத் தன் கணினிக்கு மாற்றி அச்சிட்டால், அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியும்வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

9. நெஞ்சுப்பட்டி எப்போது தேவை?

ஒழுங்கற்ற துடிப்பில் கைப்பட்டி தடுமாறும். சில துடிப்புகளில் மணிக்கட்டுக்குப் போதிய குருதி வந்து சேராது. பட்டி அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை மில்லிசெக்கன் கணக்கில் பார்க்க வேண்டுமென்றால் நெஞ்சில் கட்டும் பட்டி வேண்டும். போலர் எச்10 போன்றவை தோலில் இதயத்தின் மின்சமிக்ஞையையே அளக்கின்றன. கட்டும் முன் உட்புறத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். கழற்றியபின் வியர்வை உப்புப் போகக் கழுவ வேண்டும். நித்திரையில் முதியவர்களுக்கு இது வசதியாக இராது. வைத்தியர் சொல்லாமல் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அவருக்கு அந்த அளவு நுணுக்கம் தேவையென்றால் ஈசிஜி எடுப்பார், அல்லது இதயத்தின் மின்சமிக்ஞையைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் இரண்டு நாள் கட்டி அனுப்புவார். அந்த முடிவை எடுக்க உங்கள் தாள் அவருக்கு உதவும்; அந்தப் பரிசோதனைகளுக்குப் பதிலாகாது.

10. வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியவை

அச்சிட்ட தாள்கள், கொப்பி, கிளினிக் புத்தகம், முன்பு எடுத்த ஈசிஜி இருந்தால் அது, இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகள். கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடம்தான். மேல் தாளில் மிகத் தெளிவான சம்பவத்தை வைத்து, "மூன்று கிழமையில் ஐந்து தடவை, எல்லாம் இரவில், ஐந்திலிருந்து ஒன்பது நிமிடம்" என்று ஒரே வசனத்தில் சொல்லுங்கள். நோயின் பெயரை இணையத்தில் தேடிப்போய் நீங்கள் சொல்ல வேண்டாம்.

அம்மாவின் வைத்தியர் முதல் தாளை எடுத்து, 2.10க்கும் 2.11க்கும் இடையில் பேனையால் ஒரு வட்டம் போட்டார். பிறகு 2.19க்குப் பக்கத்தில் இன்னொன்று. தாளை மடித்துக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, ஹோல்டர் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார்.

மூல ஸிப்பை அழிக்காமல் இரண்டு இடத்தில் வைத்திருங்கள். அடுத்த கிளினிக் திகதிக்கு ஒரு கிழமை முன்னரே தரவைக் கோரிவிடுங்கள்; கார்மின் என்றால் இரண்டு கிழமை. கொப்பியில் புதிய பக்கத்தைத் திறந்து, புதிய மாத்திரை ஏதும் தந்திருந்தால் அதைத் தொடங்கிய திகதியை மேலே எழுதுங்கள்.